ஜாய்ஸ் பெயரில் என் மூச்சு

என் மனைவி ஊத வேண்டிய மிஷினில் நான் ஊதிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷன் வரை போகிற விஷயம் இல்லை. சொன்னால் சிரிப்பு வரும். சிரிப்பு வருகிற எதையும் நான் சொல்லாமல் விட்டவன் இல்லை என்று படூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை மட்டும் இரண்டு வருஷம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்து மாடி பிளாட்ஸ் இருக்கிறது. அங்கே அசோசியேஷன்காரர்கள் ஒரு சனிக்கிழமை இலவச மருத்துவ முகாம் வைத்தார்கள். பன்னிரண்டு மணி வரை பிளாட்காரர்களுக்கு. அதற்கப்புறம் வீட்டுவேலை செய்பவர்கள், செக்யூரிட்டிகள் மற்றும் பலருக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நானும் ஜாய்ஸும் அந்த 'மற்றும் பலர்'. சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், கடைசி மேஜையில் நுரையீரல் பார்த்தார்கள். ஒரு லேப்டாப், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் ஒரு கைப்பிடி, கைப்பிடியில் சொருகிய அட்டைக் குழாய். டெக்னீஷியன் தம்பி ஜாய்ஸின் வயது, உயரம், எடை எல்லாம் தட்டிவிட்டு, மூக்கில் ஒரு கிளிப் மாட்டினான்.

"நல்லா மூச்ச இழுத்து, ஒரே மூச்சுல வேகமா ஊதுங்கம்மா. உள்ள ஒண்ணுமே இல்லங்கற வரைக்கும் ஊதணும்."

ஜாய்ஸ் ஊதினாள். பாதியில் இருமல் வந்தது. மறுபடி ஊதினாள். மறுபடி இருமல். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூக்கில் கிளிப்போடு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெட்கச் சிரிப்பு. "இன்னும் ஒண்ணும்மா, மூணு வேணும்" என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி, தனக்கு வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் கரண்டி இல்லை என்று யாரிடமோ சண்டை போடத் திரும்பினான்.

"நாலு வருஷமா விறகடுப்புல ஊதாங்கோல் ஊதறவ, இத ஊதத் தெரியலியா? இங்க பாரு" என்று வாங்கி, நெஞ்சு நிறைய இழுத்து, நான் ஒரு ஊது ஊதினேன்.

லேப்டாப்பில் கோடு திருக்கழுக்குன்றம் மலை மாதிரி எழும்பியது. ஏதோ மணி அடித்தது. தம்பி திரும்பிப் பார்த்தான்.

"சூப்பர்மா. இதான் வேணும். மூணுல எது பெஸ்ட்டோ அத மிஷினே எடுத்துக்கும்."

பேப்பர் வந்தது. ஜாய்ஸ், பெண், நாற்பத்து நான்கு வயது, நூற்றுப் பதினாறு சதவீதம், நார்மல். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணடித்தேன். தான் ஊதிய இரண்டில் ஒன்றைத்தான் மிஷின் எடுத்துக்கொண்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். வீட்டில் சாயங்கால ஆர்டருக்கு வெங்காயம் உரிக்காமல் கிடந்தது. இன்னொன்றும் உண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நூற்றுக்கு நூற்றுப் பதினாறு வாங்கியது அன்றைக்குத்தான். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்தையும் கூட்டினாலும் அவ்வளவுக்குக் கொஞ்சம்தான் மேலே வரும்.

அந்தப் பேப்பரை லேமினேஷன் செய்து, கடை லைசென்ஸ் பக்கத்தில் மாட்டினேன். "ஓனரம்மா நுரையீரல் லாரி டயர் மாதிரி சார்" என்று பார்சல் வாங்க வருகிறவர்களிடம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜாய்ஸும் சிரித்தாள், அப்புறம் இருமினாள்.

கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் முன்பு கம்பெனி வேன் ஓட்டினேன். கொரோனாவில் கம்பெனிக்காரர்கள் எல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க, வேன் நின்றுபோனது. ஜாய்ஸ் நன்றாகச் சமைப்பாள். வீட்டின் பின்பக்கம் சார்ப்பு இறக்கி, கேஸ் அடுப்பு வைத்து, சாப்பாடு பார்சல் ஆரம்பித்தோம். ஆரம்பித்த மூன்றாவது வாரம் எங்கள் பார்சலை நாங்களே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேளம்பாக்கம் ஜங்ஷனிலிருந்து படூர் வரைக்கும் அப்படி இருபது கடை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. 'விறகடுப்பு சமையல்' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினேன். மண்சட்டி மீன் குழம்பு, சவுக்கு விறகு, கோவளத்து மீன். ஞாயிற்றுக்கிழமை தம் பிரியாணி. ஒரே மாதத்தில் பின்பக்க பிளாட்ஸ் முழுக்க எங்கள் கைக்கு வந்தது. "அந்த ஸ்மோக்கி ஃபிளேவர் இருக்கே" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கே வாய் ஊறும்.

ஜாய்ஸைப் பெண் பார்க்கப் போனபோது, நகை, புடவை எதைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "கேஸ் அடுப்பு கீதா?" அவள் அம்மா ஊரார் வயலில் வேலை முடித்து வந்து சுள்ளி பொறுக்கி, ஊதி ஊதிச் சமைத்து, ஐம்பது வயதில் கண் வெளுத்துப்போனவள். "கீது" என்றேன். இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஓடி ஓடி வாங்கினேன். அவர்கள் வீட்டுப் பெண்களில் புகை இல்லாமல் சமைத்த முதல் ஆள் அவள். இருபது வருஷம் கழித்து, போர்டு எழுதி மாட்டி, அவளைத் திரும்பவும் விறகடுப்பு முன்னால் உட்கார வைத்தவன் நான். 'ஐடியா மன்னன்' என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

பிளாட்காரர்களுக்குச் சாப்பாட்டில் புகை பிடித்தது, பால்கனியில் புகை பிடிக்கவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி கோதண்டராமன் சார் வந்தார். ரிட்டையர் ஆன மனிதர், அதிர்ந்து பேசமாட்டார்.

"பெஞ்சமின், மூணாவது மாடி வரைக்கும் புகை வருது. காயப்போட்ட துணியெல்லாம் வாடை. குழந்தைங்க இருக்கற இடம். கொஞ்சம் பாருங்க."

"பாத்துட்டா போச்சு சார்."

பார்த்தேன். சார்ப்பின் பின்பக்கம் திறந்த வெளி. அங்கிருந்துதான் புகை போனது. தகர ஷீட் வாங்கி மேலிருந்து கீழ்வரை அடித்தேன். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். அது ஐந்து மாதம் சுற்றிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறி, ஒருநாள் முனகிக்கொண்டு நின்றது. பால்கனிக்குப் புகை போகவில்லை. கோதண்டராமன் சார் கூப்பிட்டு நன்றி சொன்னார், அப்படியே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பிரியாணியும் சொன்னார்.

அந்தப் பிரியாணியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் பக்கத்தில் வெள்ளையாக ஒரு டப்பா நின்றது. அதன் நெற்றியில் பச்சை வெளிச்சத்தில் முப்பது என்று நம்பர். நான் உள்ளே காலை வைத்ததும் நம்பர் ஏறியது. எழுபது, நூற்றிருபது, இருநூறு. பச்சை சிவப்பாகி, டப்பா நாய் மாதிரி உறும ஆரம்பித்தது.

"காத்த சுத்தம் பண்ற மிஷின் பெஞ்சமின். உங்க சட்டையில புகை இருக்கு போல, அதான்."

"நல்ல வேள சார், எங்க வூட்டம்மாவ அனுப்பல. வெடிச்சிருக்கும்."

அவரும் சிரித்தார், அவர் மனைவியும் சிரித்தார். நான் படியிறங்குகிற வரைக்கும் அந்த டப்பா உறுமுவது கேட்டது. வெளியே நின்று பார்சல் கொடுக்கிறவன் சட்டையே இருநூறு காட்டினால், அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பவள் நெஞ்சு எவ்வளவு காட்டும் என்று ஒரு குழந்தை கணக்குப் போட்டுவிடும். நான் அந்த வெடிக்கிற ஜோக்கை அன்றைக்கே நாலு பேரிடம் சொன்னேன்.

இதெல்லாம் முகாமுக்கு முன்னால். முகாமுக்கு அப்புறம் என்னிடம் லேமினேஷன் செய்த பேப்பர் இருந்தது. ஜாய்ஸ் நெஞ்சைப் பிடித்தால், சுவரைக் காட்டினேன்.

இரண்டு வருஷத்தில் அவள் சுருங்கினாள். ஒருநாளில் தெரிந்திருந்தால் பயந்திருப்பேன், மெதுவாக நடந்ததால் பழகிவிட்டது. முதலில் சர்ச்சில் பாட்டுக்கு நடுவே மூச்சு எடுத்தாள். அப்புறம் பாடாமல் வாயை மட்டும் அசைத்தாள். அப்புறம் சர்ச்சுக்கு வழக்கமாக நடந்து போகிறவள் ஷேர் ஆட்டோவில் போனாள். இந்த வருஷம் சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி அண்டாவின் மூடிமேல் நெருப்பு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவள், அப்படியே தரையில் குந்திவிட்டாள். உதடு நாவல்பழம் தின்றவள் மாதிரி இருந்தது.

"இன்னா ஜாய்ஸு?"

அவள் கையைக் காட்டினாள். பேச மூச்சு இல்லை. ஓடிவந்தவன் அவள் தம்பி ஜெபக்குமார். ஆட்டோ ஓட்டுகிறவன், பார்சல் எடுக்க வந்திருந்தான். அக்காவைத் தூக்கி வண்டியில் போட்டவன் என்னைப் பார்த்து, "மாமா, அடுப்ப அணச்சிட்டு வா. இல்ல அதயும் கையோட எடுத்துகினு வரப்போறியா?" என்றான்.

கேளம்பாக்கத்தில் நுரையீரல் டாக்டர் கீர்த்தனா. சின்ன வயது, நிதானமான பெண். ஆக்சிஜன் கொடுத்தார், ஒரு வாரம் படுக்க வைத்தார், ஸ்கேன் எடுத்தார். தெளிந்தபின் அதே மாதிரி ஒரு மிஷினில் ஊதச் சொன்னார். இந்த முறை நான் கதவுக்கு வெளியே நின்றேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, நானே போய்விட்டேன். நாற்பத்தொரு சதவீதம்.

"முன்னாடி எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபக்குமார், "பண்ணிகீது டாக்டர். கடையில மாட்டிகீது" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவில் போய்ச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தான். லேமினேஷன் மேல் ஒரு விரல் அளவு கரி. டாக்டர் பஞ்சால் துடைத்துப் படித்தார். இந்தப் பேப்பரையும் அந்தப் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துல நூத்திப் பதினாறுலருந்து நாப்பத்தொண்ணா? புகையால வர்றது மெதுவா வரும் சார். இப்படி விழாது. ஸ்கேன்லயும் சில இடத்துல நிழல் தெரியுது. வேற ஏதாவது இருக்கான்னு பார்த்தே ஆகணும். மூக்கு வழியா குழாய் விட்டு, நுரையீரல்லருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அவங்க இருக்கற நிலைமையில கொஞ்சம் ரிஸ்க்தான். ஆனா பார்க்காம விடமுடியாது. வியாழக்கிழமை வச்சுக்கலாம்."

"வேற ஏதாவதுன்னா?" என்றான் ஜெபக்குமார்.

டாக்டர் இரண்டு பேப்பரையும் கோப்பில் வைத்து மூடினார். அது போதுமாக இருந்தது. ஜெபக்குமார் முகம் தொங்கிவிட்டது. கட்டிலில் ஜாய்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் திங்கள். வியாழக்கிழமைக்கு இரண்டு முழு நாள் இருந்தது. இல்லாத ஒரு வியாதியைத் தேடி என் மனைவியின் மூக்கில் குழாய் விடப்போகிறார்கள். தேடச் சொன்னது என் மூச்சு. ஒரு வாக்கியம் சொன்னால் நின்றுவிடும். அந்த வாக்கியத்தை நான் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து வாயில் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

முதலில் ஜெபக்குமாரிடம் ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான், அந்தப் பழைய பேப்பர் கீது பாரு..."

"அதான் மாமா எனக்கும் பயமா கீது. நூத்திப் பதினாறு இருந்தவ. யார் கண்ணு பட்டுச்சோ. நீ வேற அத ஊருக்கெல்லாம் காட்டிகினு இருந்த."

"அது இல்லடா. அந்த மிஷினே ஒரு மாதிரி..."

"மிஷின் மேல இன்னா தப்பு? படிச்சவங்க வச்சிருப்பாங்க. நீ ஒண்ணு மாமா, எங்க போனாலும் ஒரு குத்தம் கண்டுபுடிச்சி ஜோக்கடிப்ப. இன்னிக்கி வோணாம், இன்னா?"

டீயைக் குடித்துவிட்டு உள்ளே வந்தேன். ஜாய்ஸிடம் சொல்லலாம் என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேன்சரா இருக்குமா?"

"சீ. உன்ன பார்த்தா கேன்சரே பயந்து ஓடும்."

சொல்லி முடித்தபின்தான், அந்த வாக்கியம் வந்து நின்ற வாசலில் இந்த ஜோக் முண்டியடித்து வெளியே வந்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். உள்ளே நாலு உண்மை வரிசையில் நிற்கும், ஜோக்குக்கு மட்டும் பின்பக்க வழி தெரியும்.

அவள் சிரிக்கவில்லை. "சிநேகாவ வரச் சொல்லு" என்றாள். சிநேகா எங்கள் மகள், வேலூரில் படிக்கிறாள், பரீட்சை நேரம். "பரீட்சை கெடக்குது. ஒருவாட்டி பார்த்துக்கறேன். அப்பறம் எப்டியோ."

என் மனைவி சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை அவளுக்குப் பச்சை கவுன் போட்டார்கள். முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர்கூட இல்லை. நர்ஸ் ஒரு பேப்பரை நீட்டி, "இங்க கையெழுத்துப் போடுங்க சார், ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரி பொறுப்பில்ல" என்றாள். பேனாவை வாங்கினேன். என் பெயரை எழுதப் பத்து எழுத்துகூட வேண்டாம். முதல் எழுத்தோடு நின்றுவிட்டது.

டாக்டர் கீர்த்தனாவின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன்.

"டாக்டர், அந்த நூத்திப் பதினாறு நான்."

அவருக்குப் புரியவில்லை. புரிகிற மாதிரி சொன்னேன். கரண்டி சண்டை, ஊதாங்கோல், மலை மாதிரி கோடு, எல்லாம். சொல்லும்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது, நான் என்ன செய்வது. டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு வருஷமா தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"திங்கக்கிழமை நான் அந்த ரிப்போர்ட்ட பார்க்கும்போதும் தெரியுமா?"

"தெரியும்."

எழுந்துபோய் இன்னொரு டாக்டரிடம் பேசினார். ஸ்கேனை மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். அரை மணி நேரம் ஆனது. திரும்பி வந்தவர், "இன்னைக்கு வேண்டாம். மெதுவா இறங்கினதுதான்னா, இந்த நிழல், இந்த நம்பர் எல்லாமே புகையோட பொருந்துது. இன்ஹேலர் கொடுத்து மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுப்போம். அடுப்புப் பக்கமே அவங்க போகக்கூடாது. போனது திரும்பி வராது சார். இருக்கறதக் காப்பாத்தலாம். இத உங்க மனைவிகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அவள் பச்சை கவுனில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், ஜெபக்குமார் பக்கத்தில் நின்றான். கேட்டு முடித்ததும் ஜெபக்குமார் கையை ஓங்கினான். மாமன் என்று பார்த்து, ஓங்கிய கையால் தன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான். ஜாய்ஸ் கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கப்போட்டாள்.

"அப்ப குழாய் வுடமாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"பசிக்குது. இட்லி வாங்கினு வா" என்றாள்.

நாலு இட்லி தின்றாள். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். எங்கள் ஊரில் ஒரு பெண் புருஷனைத் திட்ட ஆரம்பித்தால் தெருவுக்கே பொழுது போகும். அவளுக்கோ ஒரு முழுத் திட்டுக்கு மூச்சு பத்தாது. அதற்கும் நான்தான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் தகர ஷீட்டைப் பிடுங்கினேன். போர்டைக் கழற்றினேன். கேஸ் அடுப்பை நடுவில் வைத்து நானே சமைக்க ஆரம்பித்தேன். பிளாட்ஸ் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. கோதண்டராமன் சார் போன் செய்தார்.

"டேஸ்ட் மாறிடுச்சே பெஞ்சமின்."

காரணம் சொன்னேன். ஜாய்ஸின் நெஞ்சு, நாற்பத்தொன்று, எல்லாம் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அந்த ஷீட் அடிச்சதுல எனக்கும் பங்கு இருக்கான்னு மனசு கேக்குது. ஆனா ஒண்ணு, புகை வெளியில வரக்கூடாதுன்னுதான் சொன்னோம். உள்ளயே இருக்கணும்னு நாங்க சொல்லலையே."

"சொல்லல சார்" என்றேன். அதுவும் சரிதானே.

அதற்குப்பின் எனக்கு ஒரு வியாதி வந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி. அன்றைக்கு நான் ஊதாமல் இருந்திருந்தால் அவள் நன்றாக இருந்திருப்பாளா?

டாக்டர் கீர்த்தனாவைக் கேட்டேன். "அப்படி உறுதியா சொல்லமுடியாது சார். ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி" என்றார். சர்ச்சில் போதகர் ஐயரைக் கேட்டேன். கர்த்தர் அறிவார் என்றார், அவருக்கு அது தொழில். சிநேகா போனில், "விடுப்பா. நீ வேணும்னா செஞ்ச?" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்த ஜெபக்குமார்கூட, கோவளத்தில் மீன் வாங்கப் போனபோது ஆட்டோவில் வைத்து, "வுடு மாமா. நடந்தது நடந்துபோச்சி. எங்க அம்மாவுக்கும் இப்டித்தான். எங்க வமுசத்துக்கே நெஞ்சு வீக்கு" என்றான். எல்லாரும் நல்லவர்கள். நான் கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஊருக்கே ஜோக் சொன்னவனை அழ வைக்க யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

போன வாரம் ஒரு காலைப்பொழுது. நான் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜாய்ஸ் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் முறத்தோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஷீட் இல்லாததால் காற்று குறுக்கே போனது. அவள் இன்ஹேலரை இரண்டு தரம் இழுத்து, கண்ணை மூடி, பத்து எண்ணி, விட்டாள். அந்தப் பத்தை நானும் உள்ளுக்குள் எண்ணுவேன்.

"ஜாய்ஸு, ஒண்ணு கேக்கறன். ஜோக்கு இல்ல."

"மூஞ்சப் பார்த்தாலே தெரியுது. கேளு."

"அன்னிக்கி நான் ஊதாம இருந்தா நீ நல்லா இருந்திருப்பியா?"

அவள் உரித்த பல்லை முறத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு சேர்த்துச் சேர்த்துப் பேசினாள்.

"அந்த மிஷினயே புடிச்சிகினு கீற நீ. ஊரெல்லாம் போயி கேட்டுகினு கீற. பேப்பர்ல நார்மல்னு வந்தா எனக்கு இருமல் நின்னுடுச்சா? அடுப்பு முன்னாடி குந்துனவ நானு. எனக்குத் தெரியாதா? முகாமுக்கு அப்பால உன்னாண்ட வந்து சொன்னன். சிநேகாவுக்கு காலேஜுல சீட்டு கெடச்ச அன்னிக்கி. என்னால முடியல, கேஸுக்கே போயிடலாம்னு. நீ இன்னா சொன்ன?"

நான் யோசித்தேன். சிநேகாவுக்கு சீட் கிடைத்த நாள் ஞாபகம் வந்தது. கேசரி கிண்டியது ஞாபகம் வந்தது. அவள் வந்து நின்றதோ, கேட்டதோ வரவில்லை.

"ஞாபகம் இல்ல."

"எனக்கும் நெனப்பு இல்ல. இன்னாவோ சொன்ன. சிரிப்பு வந்துச்சி. சிரிச்சிட்டு உள்ள போயிட்டன்."

குக்கர் விசில் அடித்தது. எழுந்துபோய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன்.

"அப்ப, அன்னிக்கி நான் ஜோக்கடிக்காம காது குடுத்துக் கேட்டிருந்தா..." என்று இழுத்தேன். இந்த இடத்தில் எல்லாரும் 'அப்படியெல்லாம் இல்லை' என்பார்கள். அவளும் சொல்வாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாய்ஸ் என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. விலை கேட்டவனுக்கு விலை சொல்கிற முகம்.

"நல்லாத்தான் இருந்திருப்பன். இப்டி ஆனது உன்னாலதான்யா."